லேடாங் மலைக்கு நான் போட்ட பயிற்சித் திட்டம்

“1934 பிப்ரவரி 11, ஞாயிறு. ஒன்பது கட்டை. முதுகில் முப்பது ராத்தல் மணல். அவன் வேகம் குறைந்துவிட்டது. மனவுறுதி போதாது.”

என் நாட்குறிப்பில், என் கையெழுத்தில் இப்படி இருக்கிறது. மைலைக் கட்டை என்பது எங்கள் பக்கத்து வழக்கம். ‘அவன்’ என்று நான் எழுதியவர் என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர். மலாயாவில் ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டினார், அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுத்தார். நான் அதே தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் சின்னக் கிராணி.

மலை ஏறும் யோசனை அவருடையதுதான். முந்தைய ஆண்டுக் கடைசியில், வெட்டுக்கத்தி மாற்ற ஆபீசுக்கு வந்தவர் சன்னலோரம் நின்று கேட்டார்.

“ஐயா, லேடாங் உச்சியில நின்னு பாத்தா கடல் தெரியுமா?”

“தெரியும்னு படிச்சிருக்கேன். எதுக்குக் கேக்கிற?”

“கப்பல்ல வந்து எறங்குனதோட சரிங்க. பதினோரு வருசமா கடலக் கண்ணால பாக்கல.”

“மலாக்காவுக்குப் போனா கடல்தானே? இருபது கட்டைகூட இல்லியே.”

“கரையில நின்னா தண்ணிதானுங்க தெரியும். மேலேருந்து பாத்தா வந்த வழி தெரியும்ல?”

எனக்கும் மலை ஆசை இருந்தது. துரை பங்களாவிலிருந்து கழித்துப்போட்ட ஆங்கிலப் பத்திரிகையில், இமயமலைக்குப் போகிறவர்கள் உடம்பைப் பழக்கும் முறை பற்றி ஒரு கட்டுரை படித்திருந்தேன். அதை வைத்துப் பத்து வாரத் திட்டம் ஒன்று எழுதினேன். ஜனவரி 7 தொடக்கம், மார்ச் நடுவில் மலை. வாரத்தில் மூன்று மாலை நடை, ஞாயிறு நெடுநடை, முதுகுச்சுமை வாரத்துக்கு ஐந்து ராத்தல் கூடும். தினமும் ஐம்பது தடவை முழங்காலை மடக்கி உட்கார்ந்து எழ வேண்டும்.

நாளெல்லாம் நாற்காலியில் இருக்கும் என் உடம்புக்கு அளவெடுத்த திட்டம் அது. அதையே அவருக்கும் கொடுத்தேன். முழங்கால் பயிற்சியைச் செய்து காட்டியபோது அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“இதத்தானுங்கய்யா காலையில பூரா செய்யறேன்.”

“அது வேலை. இது பயிற்சி” என்றேன்.

அவர் மனைவி அவர்கள் குடியிருந்த லயத்து வாசலிலிருந்து சத்தம் கொடுத்தார்: “காலையில பால் தூக்குறாரு, அந்தியில மண்ணு தூக்குறாரு. மல என்ன ஓடியா போவுது? இந்த மனுசன் போறதுக்குள்ள கடல் வத்திருமாக்கும்!”

ஐந்தாம் வாரமே அவர் நொண்டினார். கேட்டதற்கு, “கல்லு குத்திருச்சுங்க” என்றார். வலி என்று சொன்னால் விட்டுவிட்டுப் போய்விடுவேன் என்று பயந்திருக்கிறார். ஆறாம் வாரத்து ஞாயிறன்று எழுதியதுதான் மேலே உள்ள குறிப்பு. அதற்கு மூன்றாம் நாள், தோள்கம்பில் இரண்டு பால்வாளியோடு சரிவில் இறங்கும்போது அவர் முழங்கால் மடங்கிவிட்டது. விழுந்தார்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கும் டிரசர் வீங்கிய காலை அழுத்திப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: “வேலையில ஒரு நாளைக்கு எவ்வளவு நடக்கிறாரு?”

எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் விடியலில் அவர் வெட்டும் மரவரிசைகளில், அவருடைய நிரைகளில், நானே நடந்தேன். முந்நூறுக்கு மேல் மரங்கள். பட்டையில் போடும் வெட்டு, மரத்தின் அடியோரம் வரை இறங்கியிருந்தது. ஒவ்வொரு மரத்துக்கும் முழங்காலை மடக்கித்தான் குனிய முடியும். வெட்ட ஒரு சுற்று, பால் எடுக்க இன்னொரு சுற்று, பிறகு வாளிகளோடு ஸ்டோர் வரை நடை. நாற்பதாவது மரத்தில் என் தொடை நடுங்கியது. என் திட்டத்தில் இவற்றுக்கு ஒரு கட்டம்கூடப் போடவில்லை.

மலை இனி வேண்டாம் என்று டிரசர் சொல்லிவிட்டார். நானும் போகாமல் நின்றிருக்கலாம். நிற்கவில்லை. மார்ச்சில் ஜாசினிலிருந்து வந்த இரண்டு குமாஸ்தாக்களோடு ஏறினேன். “போய்ட்டு வந்து சொல்லுங்கய்யா” என்றுதான் அவர் அனுப்பினார்.

உச்சியில் காலை பத்து மணிக்கு மேகம் விலகியது. மேற்கே கடல் தெரிந்தது. கால்மணி நேரம் பார்த்தேன்.

திரும்பியபோது அவர் லயத்துக்கு முன்னால் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

“தெரிஞ்சிச்சாங்கய்யா?”

“இல்ல. ஒரே மேகம்.”

“அப்ப நான் வந்திருந்தாலும் பாத்திருக்க மாட்டேன்” என்று மூச்சுவிட்டார்.

அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்றுதான் சொன்னேன் என்று பல வருடம் என்னையே நம்பவைத்தேன். உண்மையில், கடல் தெரிந்தது என்று சொன்னால் அவர் முகம் எப்படி ஆகும் என்பதைப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

1936இல் அவர் குடும்பத்தோடு மலையடிவாரத்துத் தோட்டம் ஒன்றுக்கு மாறிப் போனார். மறு வருடம் ஒரு லாரி டிரைவர், காலைத் தாங்கி நடக்கும் பால்மரம் வெட்டுகிறவர் ஒருவர் பெண்சாதியோடு லேடாங் ஏறி இறங்கியதாகச் சொன்னார். அவரும் பிறர் சொல்லக் கேட்டதுதான். அந்தத் தோட்டத்து ஆபீசுக்கு இரண்டு கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை. ஏறியவர் அவர்தானா, அன்று மேலே மேகம் இருந்ததா என்பதை என்னால் இதுவரை உறுதிசெய்ய முடியவில்லை.