வெளிநாட்டு டீச்சரின் பற்கள்

பெர்சிஸ் பிறந்தது பர்மாவில், யாங்கோன் நகரின் மிங்கலா தாங்ஞுன்ட் பகுதியில், ரயில் பாதையை ஒட்டிய ஒரு தமிழ் வீட்டில். இப்போது தங்கை சாராவுடன் இருப்பது அதே நகரின் லான்மடாவில், நான்காம் மாடியில். இந்த முப்பத்தாறு வயதுக்குள் யாங்கோனைவிட்டு வெளியே ஒரு வாரம்கூடத் தங்கியதில்லை. ஆனாலும் அவளிடம் ஆங்கிலம் படிக்கப் பிள்ளைகளை அனுப்பும் கொரியத் தாய்மார்கள் தங்களுக்குள் அவளை ‘வெளிநாட்டு டீச்சர்’ என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள். முதலில் அவளுக்குச் சிரிப்பாக இருந்தது. பிறகு, அவர்கள் கண்ணுக்குத் தன் ஊர் எப்படித் தெரிகிறது என்று யோசிப்பது பிடித்துப்போயிற்று.

புதுக் குடும்பம் வந்தால் அவள் முதலில் கேட்பது எத்தனை வருடம் இருப்பீர்கள் என்பதைத்தான். அப்பாக்களுக்குத் தையல் தொழிற்சாலைகளில் வேலை. இரண்டு மூன்று வருடத்தில் மாற்றல் வந்துவிடும். பிள்ளைகள் ஒரு வாழ்த்து அட்டையைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். முன்பே தெரிந்தால் அந்த அளவுக்கு மட்டும் பிரியம் வைக்கலாம் என்பது அவள் எண்ணம்.

ஆறு வயது யேரினும் பத்து வயது அண்ணன் கியூமினும் வந்தபோதும் கேட்டாள்.

“அது யேரினுக்கு ஸ்கூல் கிடைக்கிறதைப் பொறுத்தது” என்றார் அவர்களின் அம்மா.

கியூமின் படிக்கும் பள்ளியில் யேரினைச் சேர்க்க வேண்டும். ஓர் ஆசிரியர் பத்து நிமிடம் அவளோடு ஆங்கிலத்தில் பேசிப் பார்ப்பார். இடம் கிடைக்காவிட்டால் அப்பாவை இங்கே விட்டுவிட்டு மூவரும் கொரியாவுக்குத் திரும்பிவிடுவார்கள்.

பெர்சிஸுக்குக் கவலை இருக்கவில்லை. யேரின் வாய் ஓயாதவள். காக்கைகள் ஏன் பஸ் கூரையில் போகின்றன, எல்லோரும் கன்னத்தில் ஏன் சந்தனம்போல் பூசுகிறார்கள், டீச்சர் மட்டும் ஏன் பூசுவதில்லை என்று இரண்டு மாதமாகக் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவள் வரும் நாட்களில் பெர்சிஸ் நான்கு மணிக்கு முன்பே கதவைத் திறந்து வைத்துவிடுவாள்.

பள்ளியில் வரச் சொல்லியிருந்தது வியாழக்கிழமை. அந்த வாரத் திங்களன்று யேரின் பேச்சை நிறுத்திவிட்டாள்.

நாக்கைப் பல்லுக்கு நடுவில் வைத்து ஊத வேண்டிய ஆங்கில ஒலி கொரியப் பிள்ளைகளுக்கு எளிதில் வராது. அன்று பெர்சிஸ் ஒரு கைக்கண்ணாடியைக் கொடுத்து, வாயைப் பார்த்துக்கொண்டே சொல்லச் சொன்னாள். மூன்றாவது தடவை யேரின் கண்ணாடியைக் கவிழ்த்து வைத்தாள். கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கொரியப் பெண்கள் சிரிக்கும்போது அப்படிப் பொத்திக்கொள்வதைப் பெர்சிஸ் பார்த்திருக்கிறாள். இதுவும் கூச்சம்தான் என்று நினைத்தாள். செவ்வாயன்றும் அந்தக் கை இறங்கவில்லை.

“என்ன ஸயாமாஜீ, கொரியா இன்னிக்கும் பேசலையா?” என்றாள் வேலையிலிருந்து வந்த சாரா. பர்மியப் பள்ளியில் தலைமையாசிரியையை அழைப்பதுபோல் அக்காவை அழைப்பது அவள் வழக்கம்.

“கண்ணாடியக் குடுத்து அவமானப்படுத்திட்டேன் போல.”

“நீ இருவது வருஷமா என் உச்சரிப்பத் திருத்துற. நான் வாயை மூடுனேனா?”

“மூடியிருந்தா நிம்மதியா இருந்திருப்பேன்.”

புதன்கிழமை பெர்சிஸ் கண்ணாடியை எடுக்கவில்லை. கொய்யாவை நறுக்கி மிளகாய் உப்பு தூவி வைத்தாள். யேரினுக்கு அது உயிர். ஆனால் அவள் ஒரு துண்டைக் கடைவாயில் ஒதுக்கி, மெதுவாக மென்றாள். மற்றதில் பாதிக்குமேல் கியூமின் தின்றான். பெர்சிஸ் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, ஒரு தாளையும் பென்சிலையும் யேரினிடம் தள்ளினாள்.

யேரின் சாய்ந்த கூரையுள்ள வீடு ஒன்றை வரைந்தாள். அதன் மேல் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு பறவை, அதன் அலகில் ஒரு பல். பக்கத்தில் உயரமான கட்டடம் ஒன்றை வரைந்து அதைக் குறுக்கே அடித்தாள்.

“கீழ்ப்பல் ஆடுது டீச்சர். அவளுக்கு முதல் பல்” என்றான் கியூமின். “விழுந்தா கூரைமேல போடணும். அந்தப் பறவை எடுத்துட்டுப் போய்ப் புதுசு கொண்டுவரும். நாங்க இருக்கிறது ஒன்பதாவது மாடி. இங்க அந்தப் பறவையும் கிடையாது. அதான் கொரியா போறவரைக்கும் உனக்குப் பல்லே வராதுன்னு சொன்னேன்.”

“எப்போ சொன்னே?”

“ஞாயித்துக்கிழமை” என்றான், சற்றே பெருமையாக.

பெர்சிஸ் சமையலறை ஜன்னலைத் திறந்து யேரினைக் கூப்பிட்டாள். கீழே பக்கத்து அரிசிக் கடையின் தகரக் கூரை. அதில் ஏழெட்டுக் காக்கைகள். யேரின் கூரையைப் பார்த்துத் தலையாட்டினாள். காக்கைகளைக் காட்டி, கையை விரித்தாள்.

“காக்கா செய்யுமான்னு எனக்குத் தெரியாது” என்றாள் பெர்சிஸ். “ஆனா எங்க வீட்லயும் பல்லக் கூரைலதான் போட்டோம். எந்தப் பறவைன்னு யாரும் சொல்லல. அந்தக் கூரைல காக்காதான் உக்காரும். நீயே பாரு.”

வாயை அகலத் திறந்தாள். யேரின் ஓடிப்போய்க் கண்ணாடியை எடுத்துவந்தாள். வெளிச்சத்தைப் பெர்சிஸின் வாய்க்குள் திருப்பி, ஒவ்வொரு பல்லாக விரல் வைத்து எண்ணினாள். கடைவாயில் சிமென்ட் வைத்து அடைத்திருந்த ஒன்றில் நின்று யோசித்தாள்.

“இது காக்கா சரியாக் கொண்டுவரல” என்றாள், விரலை எடுத்துவிட்டு. மூன்று நாளில் அவள் பேசிய முதல் வாக்கியம் அது. “மத்தது நல்லா இருக்கு.”

மிச்சமிருந்த கொய்யாவை முன்பல்லால் கடித்தாள். இரண்டாவது கடியில் பல் கழன்று வந்துவிட்டது. கியூமின் அவளைத் தூக்கிப் பிடிக்க, அவளே ஜன்னல் வழியாக எறிந்தாள். அது தகரத்தின் பள்ளத்தில் விழுந்தது. காக்கைகள் பறந்து, மீண்டும் வந்து உட்கார்ந்தன.

வியாழன் மதியம் அவர்களின் அம்மா தொலைபேசியில் அழைத்தார். யேரின் அரை மணி நேரம் பேசினாளாம். உங்கள் பல்லை எந்தப் பறவை கொண்டுவந்தது என்று பள்ளி ஆசிரியரைக் கேட்டு, அவர் வாயையும் திறக்க வைத்தாளாம். இடம் கிடைத்துவிட்டது.

அடுத்த திங்கள் யேரின் நேராகச் சமையலறை ஜன்னலுக்குப் போனாள். கூரையில் பல் இல்லை.

“காக்காதானே?”

“வெள்ளிக்கிழமை மழையும் பெஞ்சுது. தெரியல.”

“புதுசு வர எவ்வளவு நாள் ஆகும்?”

“அதுவும் தெரியல. தினமும் பாக்கலாம்.”

அன்று மாலை சாரா கேட்டாள்: “எத்தனை வருஷம் இருப்பாங்களாம்?”

“கேக்கல” என்றாள் பெர்சிஸ், மறுநாளைக்கு வாங்கி வைத்த கொய்யாக்களில் பழுத்தது எது என்று அழுத்திப் பார்த்துக்கொண்டே.