மாமாவின் காலை நடை

என் அம்மாவின் தம்பி ஒரு நாய்த்திருடன் என்று நான் முடிவு கட்டியபோது எனக்கு எட்டு வயது. குடியாத்தத்தில் தறி வேலையை விட்டுவிட்டு, ஆம்பூரில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். அப்பா ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். அங்கே ஒரு வேலை வாங்கித் தருவார் என்ற நம்பிக்கை. வேலை தேடி வந்தவர், விடிந்ததும் எங்கள் நாயைச் சங்கிலியில் பிடித்துக்கொண்டு தினமும் எங்கே போகிறார்? தம்பிப் பாப்பா பிறந்ததிலிருந்து, நாயைக் கொண்டுபோய் விட்டுவிட வேண்டும் என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தார்தான். கோபத்தில் சொல்வதாக நினைத்து அதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. என் சந்தேகமெல்லாம் மாமா மேல்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மறைந்து மறைந்து பின்னாலேயே போனேன். தெருமுனையில் மல்லாந்து கிடந்த வண்டை மாமா விரலால் புரட்டிவிட்டார். தோல் பதனிடும் இடத்தை எங்கள் ஊரில் தோல் ஷாப் என்போம்; அதன் வாசலில் உப்புத் தோலை நக்கிக்கொண்டிருந்த ஆட்டுக்குட்டியை விலக்கி, பாட்டில் தண்ணீரை உள்ளங்கையில் ஊற்றிக் குடிக்கவைத்தார். இவ்வளவு நல்லவராக இருந்தால் இதில் ஏதோ இருக்கிறது என்று எனக்குச் சந்தேகம் இன்னும் முற்றியது.

தோல் ஷாப் நாற்றத்தைத் தாண்டினால் நாய்க்கு மோப்பம் போய்விடும், வீட்டு வழி தெரியாது என்பார்கள் எங்கள் ஊரில். வேண்டாத நாய்களைப் பாலாற்றுக்கு அக்கரையில் விடுவது அதனால்தான். மாமாவும் மணலைக் கடந்து அக்கரை ஏறினார். சங்கிலியைக் கழற்றி, பிஸ்கட்டைப் போட்டுவிட்டு வேகமாகத் திரும்பி நடந்தார். பாதி ஆற்றில் நின்றார். மறுபடி போய், நாயைச் சங்கிலியில் கோத்துக் கூட்டிக்கொண்டு வந்தார். நான் முன்னால் ஓடி வந்துவிட்டேன்.

சங்கிலி இல்லாமல் நாய் மட்டும் முதலில் வீட்டுக்குள் ஓடி வந்தது. பின்னாலேயே வந்த மாமா அப்பாவிடம், "அந்தாண்டதான் வுட்டேன். இன்னிக்கும் அதுவா வந்துட்ச்சி" என்றார். தோல் ஷாப்பைத் தாண்டித் தினமும் எப்படி வருகிறது என்று அப்பா ஆச்சரியப்பட்டார்.

"பொய்ப்பா. மாமாவேதான் இட்டுனு வந்தாரு" என்றேன். திருடனைக் கையும் களவுமாகப் பிடித்த பெருமை எனக்கு.

அப்பா மாமா பக்கம் திரும்பினார். "ஒரு நாய வுட முடியல. நீ கம்பெனில இன்னா பண்ணப் போற?"

மாமா தட்டில் இருந்த இட்லியைத் தொடவில்லை. மறுநாள் காலை ஒரு கையில் பை, மறு கையில் சங்கிலி என்று குடியாத்தம் போகிற டெம்போவில் நாயோடு ஏறிவிட்டார். நாயைத் திருடிக்கொண்டு போகிறார் என்று தெருவே கேட்கும்படி அழுதேன். நான் முதலிலிருந்து நினைத்ததுதானே கடைசியில் நடந்தது என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டும் திரிந்தேன். அம்மா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. ஆனால் அதற்கப்புறம் இரண்டு நாள் ஏன் என் முகத்தைப் பார்க்காமலே தலை பின்னிவிட்டாள் என்பதுதான் எனக்கு அப்போது விளங்கவில்லை.