அறுந்த லைனுக்கு அந்தப் பக்கம்

மரக்காணத்தில் எங்கள் ஆபீஸின் போன் லைன் ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் அறுபடாமல் இருந்ததாக எனக்கு நினைவில்லை. உப்புக் காற்றில் கம்பத்து மேலிருந்த இணைப்புகளெல்லாம் பச்சை பூத்துக் கிடக்கும். ஒரு தூறல் போட்டால் போதும், மோடம் முனகிவிட்டு அணைந்துவிடும். மறுபடி டயல், மறுபடி பாஸ்வேர்டு, மறுபடி முதலிலிருந்து.

சுனாமிக்கு அடுத்த வருஷம் அது. அலை வந்த ஊர்ப் பெண்களுக்கு வேலை கொடுக்கிறோம் என்று ஒரு தொண்டு நிறுவனம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு மாடியறையைப் பிடித்து, யாரோ வேண்டாமென்று கழித்த கம்ப்யூட்டர்களைக் கொண்டுவந்து வைத்தது. நான் ஒன்பதாவதோடு நின்றவள். அம்மாவோடு உப்பளத்துக்குப் போய்க்கொண்டிருந்தவள். அந்த வருஷம் பாத்திகளில் சேறு ஏறி வேலை குறைந்துபோனது. அதனால்தான் வீட்டில் என்னை விட்டார்கள், கம்ப்யூட்டர் மேலிருந்த மதிப்பினால் இல்லை.

சென்னையில் ஒரு கம்பெனி பழைய ஆங்கிலப் புத்தகங்களைப் படமெடுத்துத் தன்னுடைய பெரிய மெஷினில் போட்டு வைத்திருந்தது. நாங்கள் போன் வழியாக அந்த மெஷினுக்குள் போக வேண்டும். கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டி, படத்தை எழுத்தாக மாற்றும் புரோகிராமை ஓட்டிவிட வேண்டும். ஒரு பெரிய புத்தகம் முடிய ஒரு நாளுக்கு மேல் ஆகும். நடுவில் லைன் அறுந்தால் ஓடிக்கொண்டிருந்த வேலையும் அதோடு செத்துப்போகும். முதல் மாதம் பூராவும் நாங்கள் செய்தது அந்தச் சாவுகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததுதான்.

பிறகு ஆரோவில் பக்கமிருந்து லினக்ஸ் சொல்லிக்கொடுக்க வந்தவர் ஸ்கிரீன் என்ற புரோகிராமைக் காட்டினார். அதற்குள் பல ஜன்னல்கள் திறந்துகொள்ளலாம், ஜன்னலுக்கு ஒரு புத்தகம். கண்ட்ரோலோடு ஏ, அப்புறம் டி. அவ்வளவுதான், நாம் வெளியே வந்துவிடுவோம். உள்ளே ஜன்னல்கள் ஓடிக்கொண்டிருக்கும். லைன் தானாக அறுந்தாலும் அப்படியே. திரும்பிப் போய் ஸ்கிரீன் மைனஸ் ஆர் என்று தட்டினால் எல்லாம் நம் முன்னால் வந்து நிற்கும்.

“லைன் போனா போவட்டும்மா. வேல நடக்கறது அங்க. இங்க இல்ல,” என்றார்.

மற்றவர்களுக்கு நிம்மதி. எனக்கு அன்றைக்குத்தான் பயம் பிடித்தது. யாரும் நின்று பார்க்காத இடத்தில் ஒரு வேலை நடக்கும் என்பதை நான் எங்கேயும் கண்டதில்லை. உப்பளத்தில் மேஸ்திரி வரப்பில் நின்றால் கை ஓடும், அவர் டீ குடிக்கப் போனால் கையும் நிற்கும். அப்படியிருக்க, எங்கேயோ சென்னையில், போன் லைனும் அறுந்துபோன பிறகு, யாருக்குப் பயந்து அது ஓடும்? நான் மறுபடி மறுபடி டயல் செய்து உள்ளே போய், ஜன்னல் ஜன்னலாகத் தாண்டி, பக்க எண் ஏறுகிறதா என்று பார்த்துவிட்டு வருவேன். வெளியே வந்ததும், டி அடித்தேனா வேறு எதையாவது அடித்தேனா என்று சந்தேகம் வரும். அதற்காக ஒரு தடவை உள்ளே போவேன். பக்கத்து சீட்டில் வானூரிலிருந்து வந்த பி.எஸ்சி. படித்த பெண், “இன்னாடி, அதுக்கு இன்னும் மூச்சு கீதா?” என்று கேட்டுச் சிரிப்பாள். நானும் சிரித்துக்கொண்டே டயல் செய்வேன்.

எங்கள் பொறுப்பாளர் உள்ளூர்க்காரர், நல்ல மனுஷர் என்று பெயரெடுத்தவர். சாயங்காலமானால் ஒவ்வொரு கம்ப்யூட்டரையும் அணைத்து, உப்புக் காற்று படாமல் பழைய போர்வை போட்டு மூடி, பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். இந்த ஸ்கிரீன் மட்டும் அவருக்கு ஒப்பவே இல்லை. “அடுத்தவங்க வூட்டுல அடுப்ப எரியவுட்டுட்டு வந்து நாம படுத்துக்கறதா?” என்பார். சென்னை மெஷின் அவருக்குப் பெரிய மனிதர் வீடு. அங்கே நம்முடைய சாமான்கள் இறைந்து கிடந்தால் மரியாதைக் குறைவு. லினக்ஸ் சார் பொறுமையாக விளக்கினார். இவரும் பொறுமையாகத் தலையாட்டினார்.

டிசம்பரில், வெளிநாட்டுப் பணம் குறைகிறது, வருஷம் பிறந்தால் எங்கள் இருவரில் ஓர் ஆளைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்றார்கள். ஒன்று வானூர்ப் பெண், இல்லையென்றால் நான். பொறுப்பாளர் என்னைக் கூப்பிட்டு, கடைசித் தொகுதிப் புத்தகங்களை என் பொறுப்பில் விடுவதாகச் சொன்னார். திங்கட்கிழமை அது முடிந்து சென்னைக்குத் தகவல் போய்விட்டால், நான் என்ன படித்தேன் என்று யாரும் கேட்க மாட்டார்கள் என்றார். வீட்டில் அம்மா ஏற்கெனவே தை பிறந்ததும் பாத்தி மிதிக்க என் பெயரையும் சேர்த்துச் சொல்லி வைத்திருந்தாள். எனக்குக் காலில் போன வருஷத்து வெடிப்பே இன்னும் மூடவில்லை.

சனிக்கிழமை எல்லா ஜன்னல்களிலும் புத்தகங்களை ஓட்டிவிட்டேன். நான்கு தடவை உள்ளே போய்ப் பார்த்தேன். எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தேன் என்றுதான் பெயர்.

திங்கள் காலை முதல் ஆளாகப் போய் லைன் பிடித்து ஸ்கிரீன் மைனஸ் ஆர் தட்டினேன். திரும்பச் சேர்வதற்கு எந்த ஸ்கிரீனும் இல்லை என்று ஆங்கிலத்தில் ஒற்றை வரி வந்தது. தப்பாகத் தட்டிவிட்டேன் என்று நினைத்து மறுபடி தட்டினேன். அதே வரி. புத்தகங்கள் எல்லாம் பாதிப் பாதியில் நின்றிருந்தன.

அப்போது பொறுப்பாளர் படியேறி வந்தார், சந்தோஷமாக. சுனாமியின் முதல் வருஷ நினைவுக்காக ஞாயிற்றுக்கிழமை பணம் கொடுக்கும் வெளிநாட்டுக்காரர்கள் வந்திருந்தார்களாம். அவரே லைன் போட்டு உள்ளே போய், நாங்கள் செய்யும் வேலையைக் காட்டினாராம். அவர்கள் மெச்சிக்கொண்டார்களாம்.

“நீ அப்படியே தொறந்து போட்டுட்டுப் போயிருந்தியேம்மா. ஒவ்வொண்ணா நிறுத்தி, எக்ஸிட் அடிச்சி, சுத்தமா மூடி வெச்சேன்.”

நான் திரையைக் காட்டினேன். அவர் அந்த வரியைப் படித்தார். முகம் மாறியது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மாறி, திரும்பப் பழைய முகமாக ஆயிற்று. போனை எடுத்தார். தலைமை ஆபீஸோடு என் எதிரிலேயே பேசினார், குரலைத் தாழ்த்தாமல், என் மேல் இரக்கத்தோடு.

“நல்ல பொண்ணுதான். பயந்த சுபாவம். சும்மா சும்மா உள்ள போய்ப் பாத்துக்கினே இருக்கும். எதையோ தட்டிட்டுது.”

ரிசீவரை என்னிடம் கொடுத்தார். அந்தப் பக்கம் ஓர் அம்மா, நீ அடிக்கடி உள்ளே போய்ப் பார்ப்பாயா என்று கேட்டார். பார்ப்பேன் என்றேன். சனிக்கிழமை பார்த்தாயா என்றார். பார்த்தேன் என்றேன். அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. சார்தான் மூடினார் என்று நான் சொல்லியிருக்கலாம். சார் ஒரு கை தூரத்தில் நின்றுகொண்டிருந்தார். வானூர்ப் பெண் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் பயத்தை அந்த ஆபீஸில் எல்லோரும் பார்த்திருந்தார்கள். அவர் மூடியதைப் பார்த்தவர்கள் விமானம் ஏறிப் போய்விட்டார்கள்.

லினக்ஸ் சாருக்குத் தெரிந்திருந்தால் ஒரு வார்த்தை சொல்லியிருப்பார் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அந்த நினைப்பும் இல்லை.

மாசியில் உப்பு விளையத் தொடங்கிய பிறகு ஒரு நாள் வானூர்ப் பெண் பஸ்ஸுக்கு நிற்கையில் என்னைப் பார்த்துவிட்டு ரோட்டோரத்துக்கு வந்தாள். சென்னைக் கம்பெனி அப்போதே ஒன்றும் சொல்லாமல் இன்னொரு வாரம் கொடுத்ததாம். மறுபடி ஓட்டிவிட்டார்களாம். யாரும் உள்ளே போய்ப் பார்க்கவில்லையாம், அது பாட்டுக்கு ஓடி முடிந்ததாம். அவசரமே இல்லாத வேலைடி அது, என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள்.

என் தலையில் உப்புக் கூடை இருந்தது. இறக்கி வைக்காமலே அவள் சொன்னதையெல்லாம் கேட்டேன். உப்புத் தண்ணீர் கழுத்து வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. மேஸ்திரி வரப்பிலிருந்து பார்த்தார். நான் நடந்தேன்.