சாம்பிளுக்குப் போன தலை

கீழே விழுந்த பனியனை எடுக்கக் குனிந்தேன். நிமிரும்போது இரும்பு ரேக்கின் முனை உச்சந்தலையில் இடித்தது. பெருமாநல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை எனக்கு. ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் பார்த்துப் பீஸை ஒதுக்க வேண்டும். ரத்தம் வரவில்லை, கொஞ்ச நேரம் கண் இருட்டியது, அவ்வளவுதான். அன்றே ஸ்கேன் எடுத்தார்கள். நார்மல் என்று வந்தது.

நார்மலாக இருந்தது அந்தக் காகிதம் மட்டும்தான். மாதக்கணக்கில் ஆகியும் டியூப் லைட்டுக்குக் கீழே நின்றால் தலை வலித்தது. தையல் மெஷின்களின் இரைச்சலில் குமட்டியது. ஒருநாள் விரல் நுழையும் ஓட்டையைக் கண் பார்த்தது, மனதில் ஏறவில்லை. நல்ல பீஸோடு சேர்த்து அடுக்கிவிட்டேன். அன்று பிடித்த பயம் இன்னும் போகவில்லை. எனக்குப் பைத்தியம் பிடிக்கிறதோ என்று நினைத்தேன். என் வீட்டுக்காரரோ, "நார்மல்னுதான் போட்டிருக்குதுல்ல புள்ள, சும்மா நெனச்சு நெனச்சு ஏத்திக்காத" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தலைவலிக்குக் காட்டக் கோயம்புத்தூர் போனோம். லேசாக அடிபட்டும் தொந்தரவு தீராதவர்களின் மூளையை வேறு வகை ஸ்கேனில் படமெடுத்து ஆராய்ந்துகொண்டிருந்தார் அங்கிருந்த டாக்டரம்மா. "எங்க சாம்பிள்ல நீங்களும் சேர்றீங்களா?" என்றார். எங்கள் கம்பெனியில் சாம்பிள் துணி என்றால் நடுவில் வட்டமாக வெட்டியெடுத்து எடை போட்டுப் பார்ப்பார்கள். "வெட்டுவீங்களாங்க?" என்று கேட்டேவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "ஊசிகூடப் போட மாட்டோம்மா, படம் மட்டுந்தான்" என்றார்.

மெஷினுக்குள் படுக்க வைத்துத் தலையைக் கூண்டு மாதிரி ஒன்றால் மூடினார்கள். தடதடவென்று சத்தம். உள்ளே ஏதாவது பழுது இருந்துவிடுமோ என்று பயம். இதிலும் ஒன்றுமில்லை என்று வந்துவிட்டால் என்னை யார் நம்புவார்கள் என்று அதைவிடப் பயம். கடைசியில், ஒரு பழுதாவது கிடைக்கட்டும் என்று சாமியை வேண்டிக்கொண்டேன்.

ஒப்பிட்டுப் பார்க்க அடிபடாதவர்களும் வேண்டும் என்றதால் என் வீட்டுக்காரரும் படுத்தார். பேயறைந்த முகத்தோடு வெளியே வந்து, "எனக்கு ஒண்ணுமில்லீங்களே?" என்று கேட்டாரே பார்க்கணும்! தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். இவருக்கு வராமலேயே தெரிந்துவிட்டது.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். பெரிய கோளாறு ஏதும் கண்ணில் பட்டால் சொல்லிவிடுவார்களாம். மற்றபடி, பலருடைய படங்களைச் சேர்த்துப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியுமாம். தனி ஒருவர் படத்தை வைத்து, இந்த வலி இதனால்தான் என்று இன்னும் சொல்ல முடியாதாம். எனக்கு அழுகை முட்டியது.

என் வீட்டுக்காரர் விடவில்லை. "அப்பறம் இவளுக்கு வலிக்குதுன்னு நாம எப்படீங்க தெரிஞ்சுக்கறது?"

"அதான் அவங்களே சொல்றாங்களேங்க" என்றார் டாக்டரம்மா.