முழுக் கத்தரிக்காய்

பக்கத்து வீட்டுப் பெண் நேற்று கைப்பேசியோடு வந்து நின்றாள். எடமலைப்பட்டி புதூரில் எங்கள் தெருவுக்கு அவள் குடிவந்து ஆறு மாதம் இருக்கும். ஏதோ சமையல் சேனல் நடத்துகிறாளாம். "ஆன்ட்டி, நீங்க சிக்கனமா சமைச்சே இந்த வீட்டைக் கட்டினீங்களாமே. நாலு டிப்ஸ் சொல்லுங்க, வீடியோ எடுத்துக்கறேன்" என்றாள். இன்னொரு கையில் ஒரு கிண்ணம் நிறைய பீர்க்கங்காய்த் தோல். துவையல் அரைக்கப்போகிறாளாம். உலகத்தில் யாருக்குமே தெரியாத ஒன்றைக் கண்டுபிடித்துவிட்ட முகம்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தத் தோலின் பச்சை வாசனை மூக்கில் ஏறியதும் ஸ்ரீரங்கத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டுச் சமையலறைதான் ஞாபகத்துக்கு வந்தது. ஒருவர் நின்றால் இன்னொருவர் திரும்ப முடியாது. அங்கே இருந்த பன்னிரண்டு வருஷமும் நான் எதையும் குப்பையில் போட்டதில்லை. வாழைக்காய்த் தோலில் பொரியல், தர்பூசணியின் வெள்ளைப் பகுதியில் கூட்டு, காலிஃபிளவர் தண்டில் சாம்பார். மாடு வைத்திருந்த எதிர்வீட்டுக்காரர் எங்களிடம் காய்கறிக் கழிவு கேட்பதையே விட்டுவிட்டார். அதையும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அப்போது பாலக்கரைப் பக்கம் ஒரு அலுவலகத்தில் டைப்பிஸ்ட் வேலை எனக்கு. வேலை முடிந்ததும் நேரே காந்தி மார்க்கெட். கடை கட்டுகிற நேரத்தில், மிஞ்சிய காய்களைச் சாக்கில் கூறு கூறாகக் குவித்து வைப்பார்கள். எடை போட மாட்டார்கள், பொறுக்கவும் விட மாட்டார்கள். ஒரு குவியலை அப்படியே பையில் கவிழ்த்துக்கொள்ள வேண்டியதுதான். எனக்கு வாடிக்கையாகக் கொடுத்த பெண், "எடுத்துக்கங்கக்கா, இல்லாட்டி மாட்டுக்குத்தான் போவுது" என்பாள். மாட்டோடு போட்டி போட்டு ஜெயித்த சந்தோஷத்தில் பஸ் ஏறுவேன். நசுங்கிய தக்காளி பையின் அடியில் கசியும். காவிரிப் பாலம் வருவதற்குள் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து வேறு இடம் பார்த்துக்கொள்வார். அதுவும் வசதிதான், பையை சீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம்.

கூறில் வாங்கும் கத்தரிக்காயில் ஒன்றுகூட முழுதாகத் தேறாது. வெட்டி ஒதுக்குவது என் கணவரின் வேலை. பழைய பேப்பரை விரித்து உட்காருவார். ஒவ்வொரு காயாகப் பிளந்து, உள்ளே உற்றுப் பார்த்து, புழு இருக்கும் பாதியை ஓரமாகத் தள்ளுவார். மிச்சப் பாதியில் கொத்சோ மசியலோ செய்வேன். அவருக்கோ எண்ணெய்க் கத்தரிக்காய் என்றால் உயிர். காம்பைக் கிள்ளாமல் நாலாகக் கீறி, மசாலாவை அடைத்து, முழுசாக வதக்க வேண்டும். எதையும் வாய்விட்டுக் கேட்காத மனிதர், இது ஒன்றைத்தான் கேட்டார்.

"ஒரு நாளைக்கு நல்ல காயா கால் கிலோ வாங்கேன்."

"நல்ல காயும் வேணும், அவ்வளவு எண்ணெயும் வேணும். வீடு முடியட்டுங்க. புது வீட்டுல முதல்ல அதைத்தான் செய்றேன்" என்றேன்.

பிறகும் கேட்டார். நானும் அதையே சொன்னேன். இந்த மனையை வாங்கினோம், அஸ்திவாரம் போட்டோம், தளம் போட்டோம். "எங்க வீட்டுக்காரர் எது போட்டாலும் பேசாம சாப்பிட்டுடுவார்" என்று அலுவலகத்தில் பீற்றிக்கொண்டேன். நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

கிரகப்பிரவேசம் முடிந்த மறுநாள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். அத்தனை வருஷத்தில் மார்க்கெட்டுக்குக் காலையில் போனது அன்றுதான். பிஞ்சாகப் பளபளவென்று பொறுக்கி எடுத்தேன். எண்ணெயைத் தாராளமாக ஊற்றினேன். அவர் தட்டில் நாலு காயை வைத்துவிட்டு, முகத்தைப் பார்க்க எதிரிலேயே உட்கார்ந்துகொண்டேன்.

அவர் முதல் காயைப் பிளந்தார். உள்ளே உற்றுப் பார்த்தார். ஒரு பாதியைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, மறுபாதியைச் சோற்றோடு பிசைந்தார். அடுத்த மூன்று காய்களும் அப்படியேதான்.

"எல்லாம் நல்ல காய்தாங்க. ஏன் ஒதுக்குறீங்க?"

அவர் குனிந்து தட்டைப் பார்த்தார். ஒதுக்கியது அவருக்கே அப்போதுதான் தெரிந்திருக்க வேண்டும். "பழக்கமாயிடுச்சு" என்றார். ஒதுக்கிய பாதிகளைத் தொடாமலே, "மோர் ஊத்தும்மா" என்றார்.

அந்த நாலு பாதிகளையும் சாயந்திரம் நானே சாப்பிட்டேன். வீணாக்க மனசு வரவில்லை. பாருங்கள், அப்போதுகூட.

அதன் பிறகு ஒன்பது வருஷம் இந்த வீட்டில் இருந்தார். எண்ணெய்க் கத்தரிக்காய் என்ற பேச்சையே எடுக்கவில்லை. நானாக "இன்னிக்கு என்ன செய்யட்டும்?" என்று கேட்டால், "இருக்கிறதைச் செய்" என்பார். அவர் போய் நாலு வருஷமாகிறது.

பக்கத்து வீட்டுப் பெண் கைப்பேசியை நீட்டியபடியே நின்றாள். "எல்லாம் மறந்துபோச்சும்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஸ்ரீரங்கத்து வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். கூறு கொடுத்த பெண் எங்கே போனாள் என்று தெரியவில்லை. இப்போது தெருவுக்கே வேன் வருகிறது, சொத்தை இல்லாத காயாக நானே பொறுக்கிக்கொள்ளலாம். பார்த்துப் பார்த்துச் செலவு செய்கிறவள் என்று சொந்தத்தில் எல்லோரிடமும் எனக்குப் பெயர். அவர் கேட்பதை எந்த வருஷம் நிறுத்தினார் என்பதை மட்டும் நான் பார்க்கவில்லை.