டெக்குக்குள் மாட்டிய முதலமைச்சர்

ஊசி போடுமுன் நர்ஸ் என் கையில் பஞ்சைத் தேய்த்ததும், அந்த ஸ்பிரிட் வாசனையில் எங்கள் பேகம்பூர் வீட்டு முன்னறை திரும்ப வந்துவிட்டது. படம் கோடு கோடாக ஓடினால் அம்மா வீடியோ டெக்கைத் திறந்து ஸ்பிரிட் தொட்டுத்தான் துடைப்பாள். இப்போது அங்கே வரிசையாகக் கடைகள்.

அத்தா தோல் வியாபாரி, தீவிரக் கட்சிக்காரர். டி.வி.யில் வந்த ஓர் அரசியல் நாடகம் தம் தலைவரைக் கேலி செய்கிறதென்று, அது நம் வீட்டில் ஓடக்கூடாது என்று சொல்லியிருந்தார். அப்படிச் சொன்னதாலேயே நானும் அம்மாவும், அவர் தோல் மண்டிக்குப் போன மதியங்களில், அதன் கேசட்டுகளை வாடகைக்கு எடுத்து, ஜன்னலைச் சாத்தி, சத்தத்தைக் குறைத்து, ஒரு காதை வாசலில் வைத்தபடி பார்ப்போம்.

ஒருநாள் நாடகத்து முதலமைச்சர் ராஜினாமாக் கடிதத்தில் பேனாவை வைக்கிற நேரத்தில் கரண்டு போனது. புழுக்கம் தாங்காமல் ஜன்னலைத் திறந்தோம். கரண்டு இல்லாமல் கேசட் வெளியே வராது. அம்மா பட்டனை அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அத்தா வந்துவிட்டார். டெக்கின் மேல் கிடந்த காலி டப்பாவை எடுத்துப் படித்தார்.

"நாலாவது கேசட்டா? யாரோ எடுத்துட்டுப் போயிருக்காகன்னு கடைக்காரன் சொன்னான். நீங்கதானா அது?" என்றார். "மூணு வரைக்கும் அவன் கடையிலயே உக்காந்து பாத்துட்டேன். அந்த ராஜினாமாவுல கையெழுத்துப் போட்டானா, இல்லியா?"

"கரண்டு வந்தாத்தான் தெரியும்," என்றாள் அம்மா, அடக்கிவைத்திருந்த மூச்சையெல்லாம் சேர்த்து விட்டபடி.

மின்விசிறி சுற்றத் தொடங்கியதும் அத்தாவே எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார்.