ஐந்தாம் வகைக் காற்று

வானிலை அலுவலகத்தில் அவளுக்கு ‘வகைக்காரி’ என்று பெயர். காற்று எப்படிச் சுழல்கிறது என்று தினமும் வரைபடத்தைப் பார்த்து, அதை எட்டு வகைகளில் ஒன்றில் சேர்ப்பது அவள் வேலை. எந்த வகைக்கு எங்கே எவ்வளவு மழை என்பது பழைய கணக்கிலிருந்து வந்துவிடும். கரையோரத்தில் பெரும்பாலும் பலித்தது. மலைக்குப் பின்னால் இருந்த பள்ளத்தாக்கில் மட்டும் காலை வாரிவிடும். ஒரே வகை ஒருநாள் தூறும், இன்னொரு நாள் ஊரையே முக்கும். அங்கேதான் ஓடைக்கரையில் அவள் தம்பி லாரிப் பட்டறை வைத்திருந்தான்.

அன்று காலை ஐந்தாம் வகை. தூறல் வகை. ஆனால் கடல்மேல் வழக்கத்தைவிட அதிக ஈரம் திரண்டிருந்தது.

“சார், பள்ளத்தாக்குக்கு எச்சரிக்கை கொடுத்துடலாமா?”

“போன மாசமும் நீங்க சொல்லித்தான் கொடுத்தோம். வெயில் கொளுத்துச்சு,” என்றார் தலைமை அதிகாரி. “சும்மா சும்மா பயமுறுத்தினா யாரும்மா நம்புவாங்க?”

அதிலும் நியாயம் இருந்தது. வகை காற்றின் திசையைச் சொல்லும்; அது சுமந்துவரும் தண்ணீரைச் சொல்லாது. மாடிப்படியில் நின்று தம்பிக்குப் போன் செய்தாள்.

“பட்டறையைப் பூட்டிட்டு மேட்டுக்குப் போயிடுடா.”

“போன தடவை உன் பேச்சைக் கேட்டு மழைக்கோட்டுக்குள்ள வேர்த்து ஊத்தினேன்கா,” என்று சிரித்தான். “நிச்சயமா வருமா?”

“தெரியலடா. நிஜமாவே தெரியல.”

அவள் அப்படிச் சொல்லி அவன் கேட்டதே இல்லை. சிரிப்பு நின்றது. “சரி, ஆளுங்களை அனுப்பிடறேன்.”

மதியத்துக்குமேல் பள்ளத்தாக்கின் மழைமானி அனுப்பிய எண் ஏறிக்கொண்டே போனது. திடீரென்று நின்றது. மழை நின்றதா, மானியே போய்விட்டதா, யாருக்கும் தெரியவில்லை. தலைமை அதிகாரி எச்சரிக்கையை அனுப்பினார். அதற்குள் ஓடை பட்டறையை அடித்துப்போயிருந்தது.

கடைசி லாரியை மேடேற்றப் போன தம்பியை அதன் கூரைமேலிருந்து மீட்டார்கள். அவனுக்கு உதவியாக நின்ற பட்டறை வெல்டர் கிடைக்கவே இல்லை.

சில வாரங்கள் கழித்து வெல்டரின் மனைவி அலுவலகத்துக்கு வந்தாள்.

“காலையிலயே உங்களுக்குத் தெரியுமாமே?”

“தெரியாதும்மா. சந்தேகம்தான் இருந்துச்சு.”

“அந்தச் சந்தேகத்தை உங்க தம்பிக்கு மட்டும் சொன்னீங்களே.”



அதன்பின் காற்றின் ஈரத்தையும் சேர்த்துப் பள்ளத்தாக்குக்கென்று தனி வகைகள் பிரித்தார்கள். கொஞ்சம் தெளிந்தது, பாதிக்குமேல் இன்னும் பிடிபடவில்லை. அதையும் மறைக்காமல் அறிக்கையில் எழுத வேண்டும் என்று அவள் பிடிவாதமாக நின்று சாதித்தாள். “உறுதியாகச் சொல்ல இயலவில்லை” என்ற வரியைப் படித்துப் பள்ளத்தாக்குக்காரர்கள் இப்போதே அலுத்துக்கொள்கிறார்கள். மழைக்காலம் இன்னும் பாதிகூட முடியவில்லை.